எத்தனை நூல் பிசகு?

‘கிராமத்து விஞ்ஞானி’ என்ற சொல்லைத் தமிழில் ஒரு பத்து வருஷத்துக்காவது தடை செய்யவேண்டும். பத்து வருஷம் போதும். அதற்குள் நம் நிருபர்களும் எழுத்தாளர்களும் ஒரு இயந்திரத்தின் முன்னால் நின்றால் என்ன கேட்கவேண்டும் என்று பழகிவிடுவார்கள்.

அந்தச் செய்தி எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். பத்தாம் வகுப்பு மட்டுமே படித்த இளைஞர், பழைய இரும்புக்கடைச் சாமான்களை வைத்து, யூடியூப் பார்த்து, இன்ன இயந்திரத்தைக் கண்டுபிடித்து அசத்தல். வெளிநாட்டு மெஷின் அவ்வளவு லட்சம், இவர் செய்தது இவ்வளவு ஆயிரம். அப்பா விவசாயக் கூலி. அரசு உதவினால் இன்னும் சாதிப்பேன். பக்கத்தில் ஒரு போட்டோ, தோளில் பொன்னாடை. முடிஞ்சது. அந்த மெஷின் என்ன வேகத்தில் ஓடும், சொன்ன அளவுக்கும் வெட்டின அளவுக்கும் எவ்வளவு வித்தியாசம், ஆறு மாசம் கழித்தும் ஓடுகிறதா? இதில் ஒன்றுகூட அந்தச் செய்தியில் இருக்காது.

நீங்கள் சொல்லலாம், பாவம், பாராட்டத்தானே செய்கிறார்கள் என்று. நான் சொல்கிறேன், அது பாராட்டு இல்லை. ஒருத்தன் கவிதை எழுதிக்கொண்டு வருகிறான். அதை வாசிக்காமலே ‘கரிசல்காட்டில் ஒரு கவிஞன், அவன் அப்பா மாடு மேய்க்கிறார்’ என்று எழுதினால் அவனுக்கு எப்படி இருக்கும்? உங்களுக்கு உடனே கோபம் வரும். ‘முதல்ல கவிதையைப் படிய்யா’ என்பீர்கள். இயந்திரத்துக்கும் அதே நியாயம்தான். முதலில் அதைப் படியுங்கள்.

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற ரோட்டில் ஒரு தகரக் கொட்டகையில் நாங்கள் மூன்று பேர் ஒரு சி.என்.சி. ரவுட்டர் செய்து ஓட்டிக்கொண்டிருக்கிறோம். ஒருவர் மர வேலை பார்ப்பவர், அண்ணன். இன்னொருவர் வெல்டர், மாமா. நான் ஐ.டி.ஐ. எலக்ட்ரீஷியன், மிச்ச நேரத்தில் இந்த மாதிரி இதழ்களை வாசிப்பவன். எங்களையும் ஒரு நிருபர் வந்து பார்த்தார். ஒன்றேகால் மணி நேரம் இருந்தார். யாருக்கு முதலில் ஐடியா வந்தது, வீட்டில் திட்டினார்களா, எவ்வளவு செலவு, கஷ்டப்பட்ட காலத்தில் யார் உதவினார்கள் என்று கேட்டார். “ரமணர் பிறந்த மண்ணுல ஒரு விஞ்ஞானின்னு போட்டுரலாம்ணே” என்றார். ரமணர் 1879-இல் திருச்சுழியில் பிறந்ததற்கும் எங்கள் மெஷினுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். சிரித்தார். ஓடிக்கொண்டிருந்த மெஷினை மட்டும் அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை.

சரி, அவர் பார்க்காததை நீங்கள் பாருங்கள். ஒரு மேசை. இரண்டு பக்கமும் தண்டவாளம். அதன்மேல் முன்னும் பின்னும் நகர்கிற ஒரு பாலம், கேன்ட்ரி என்போம். பாலத்தில் இடமும் வலமும் ஓடுகிற ஒரு வண்டி. வண்டியில் மேலும் கீழும் இறங்குகிற ஒரு ஸ்பிண்டில், அதன் நுனியில் நிமிஷத்துக்கு 18,000 சுற்று சுற்றுகிற ஒரு பிட். கம்ப்யூட்டர் எண்களை அனுப்பும், மோட்டார்கள் அந்த எண்களுக்கு நகரும், பிட் மரத்தைக் கடைந்துகொண்டு போகும். பூஜை அறைக் கதவில் மணி, தாமரை, நிலைக்கு மேலே கஜலட்சுமி எல்லாம் இப்படித்தான் இப்போது வருகின்றன.

எங்களுடைய முதல் மெஷின் பிளைவுட் பலகையில் செய்தது. திருகுக்கு ஹார்டுவேர் கடையில் கிடைக்கிற 12 மி.மீ. மரை கம்பி. மூளைக்கு ஒரு ஆர்டுயினோ, அதில் நார்வேக்காரர் சிமென் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ரூட் 2009-இல் எழுதி இலவசமாக வெளியிட்ட ஜி.ஆர்.பி.எல். என்ற மென்பொருள். இதைச் செய்ய விஞ்ஞானி வேண்டாம். பொறுமையும் ஒரு டிரில்லிங் மெஷினும் போதும். உலகம் பூராவும் ஆயிரக்கணக்கானவர்கள் தங்கள் வீட்டுக் கொட்டகையில் செய்திருக்கிறார்கள். மெஷின் நகர்ந்தது, மரத்தை வெட்டியது. செய்தித்தாள் கதை இந்த இடத்தில் முடிந்துவிடும். வேலையோ இந்த இடத்தில்தான் ஆரம்பிக்கிறது.

ஒரு கணக்குச் சொல்கிறேன், பயப்படாதீர்கள், ஐந்தாம் வகுப்புக் கணக்குதான். ஸ்டெப்பர் மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 படி நகரும். டிரைவர் அந்த ஒவ்வொரு படியையும் எட்டாகப் பிரிக்கும். ஆக 1,600. மரை கம்பி ஒரு சுற்றுக்கு 1.75 மி.மீ. நகர்த்தும். அப்படியென்றால் ஒரு மி.மீ.க்கு 914 படி. காகிதத்தில் இந்த மெஷினால் மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு நகர முடியும். பொன்னாடைக் கதையில் ‘ஒரு மைக்ரான் துல்லியம்’ என்று வருவது இந்த எண்தான். இப்போது மெஷினை 100 மி.மீ. வட்டம் ஒன்று வெட்டச் சொல்லுங்கள். வெட்டின வட்டத்தைக் கையில் எடுத்து விரலால் தடவுங்கள். நான்கு இடத்தில் தட்டையாக இருக்கும். காரணம், கம்பிக்கும் நட்டுக்கும் நடுவே ஆட்டம். திசை மாறும் ஒவ்வொரு முறையும் மோட்டார் முதலில் அந்த ஆட்டத்தைத் தின்றுவிட்டு அப்புறம்தான் பாலத்தை நகர்த்தும். டயல் கேஜ் வைத்துப் பார்த்தால் 0.4 மி.மீ. காகிதத்தில் ஆயிரத்தில் ஒன்று, மரத்தில் பத்தில் நான்கு.

அடுத்து பால் ஸ்க்ரூ. உள்ளே குண்டுமணிகள் ஓடுவதால் ஆட்டம் மிகக் குறைவு. ஆனால் அது ஒரு சுற்றுக்கு 5 மி.மீ. நகர்த்தும். கணக்குப் போட்டால் ஒரு மி.மீ.க்கு 320 படிதான். காகிதத்தில் பழைய கம்பியைவிட மட்டம். மரத்தில் வட்டம் வட்டமாக வந்தது. இந்த ஒரு விஷயத்துக்குள் ஒரு கட்டுரைக்கான பொருள் இருக்கிறது: நுணுக்கமாக நகர்வது வேறு, சரியாகப் போய்ச்சேருவது வேறு. அந்தப் பால் ஸ்க்ரூவுக்கும் பிசகு உண்டு. சந்தையில் கிடைக்கிற சாதாரண ரகத்துக்கு 300 மி.மீ. நீளத்தில் 0.05 மி.மீ. வரை பிசகலாம் என்பது அதன் தர விதியிலேயே இருக்கிறது. எவ்வளவு பிசகும் என்று எழுதிக்கொடுத்துத்தான் விற்கிறார்கள். தொழில் நாணயம் என்றால் எனக்கு அதுதான்.

பாலத்தைப் பாருங்கள். நடுவில் பிட் அழுத்தும்போது பாலம் தொய்யும். தொய்வு நீளத்தின் மும்மடியில் கூடும். 1,200 மி.மீ. பாலத்தை 900-க்குக் குறைத்தால் தொய்வு பாதிக்கும் கீழே போய்விடும். 50-க்கு 50 சதுரக் குழாயை எடுத்துவிட்டு, அதே 3 மி.மீ. தகடு கனத்தில் 50-க்கு 100 குழாயை நிமிர்த்தி வைத்தால் விறைப்பு ஐந்து மடங்குக்கு மேல் கூடும். இரும்பு கூடினது ஒன்றரை மடங்குதான். வெல்டர் மாமாவுக்கு மும்மடி என்ற சொல் தெரியாது. “படுக்கப் போட்டா வளையும், நிமுத்திப் போட்டா நிக்கும்” என்பார். கூரைக்குச் சட்டம் போடுகிற எல்லாருக்கும் தெரிந்தது. அதை எண்ணாக மாற்றுவதுதான் என் வேலை.

இரண்டு தண்டவாளமும் ஒரே மட்டத்தில் இருக்கவேண்டும். இதற்கு நெசவு ஊரில் கருவிக்குப் பஞ்சமில்லை. மேசையின் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு ஒரு நூல், இன்னொரு மூலையிலிருந்து அதன் எதிர்மூலைக்கு இன்னொரு நூல். இரண்டும் நடுவில் பட்டும் படாமலும் உரசிக்கொண்டு போனால் முறுக்கு இல்லை. ஒன்று மற்றதை அழுத்தினால் அல்லது இடைவெளி விட்டால் மேசை முறுக்கியிருக்கிறது. இரண்டு மூலைவிட்டமும் ஒரே நீளமா என்று டேப் வைத்துப் பார்த்தால் சதுரம் தெரிந்துவிடும். இதெல்லாம் ஒரு நாளில் முடிகிற வேலை இல்லை. அரை மி.மீ. தகடு சொருகி, திருகி, மறுபடி நூல் பிடித்து, மறுநாள் வந்து பார்த்தால் மறுபடி மாறியிருக்கும்.

ஏன் மாறுகிறது? இங்கேதான் ஊர் உள்ளே வருகிறது. சித்திரையில் எங்கள் கொட்டகைக்குள் காலை ஆறு மணிக்கும் மதியம் இரண்டு மணிக்கும் 15 டிகிரி வித்தியாசம். இரும்பு ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு 12 மைக்ரான் நீளும். ஆக மதியத்துக்குள் 0.18 மி.மீ. நீண்டுவிடும். நிலக்கதவின் இரண்டு பாதியில் ஒன்றைக் காலையிலும் மற்றதை மதியத்திலும் வெட்டினால் கொடி நடுவில் சேராமல் நிற்கும். மயிரிழை என்று சொல்கிறோமே, அதுமாதிரி இரண்டு மயிரிழை. கண்ணுக்குத் தெரியும். ஆகவே ஜோடியாகச் சேரவேண்டியதை ஒரே மூச்சில் வெட்டவேண்டும் என்பது எங்கள் பட்டறைச் சட்டம்.

கரிசல் மண் காய்ந்தால் எர்த் குழியும் காயும். காய்ந்த மண்ணில் மின்சாரம் சரியாக இறங்காது. ஸ்பிண்டிலின் வேகத்தை மாற்றுகிற பெட்டி எழுப்புகிற மின் இரைச்சல் வயரில் ஏறி, எல்லை ஸ்விட்சைத் தொட்டது மாதிரி மெஷினை ஏமாற்றி நிறுத்திவிடும். மூன்று மணி நேரம் ஓடின கஜலட்சுமி தும்பிக்கையில் நின்றுபோகும். அடுப்புக்கரியும் உப்பும் போட்டு குழி வெட்டி, கோடையில் வாரத்துக்கு இரண்டு தடவை தண்ணீர் ஊற்றுகிறோம். குண்டாற்றங்கரையில் மழையைப் பார்த்து விதைத்த பரம்பரை, இப்போது மெஷினுக்குத் தண்ணீர் கட்டுகிறது. கரிக்குக் குறைவில்லை, சீமைக்கருவேலம் இருக்கும்வரை.

இவ்வளவையும் நான் சொல்வது உங்களுக்கு மெஷின் செய்யச் சொல்லிக்கொடுக்க அல்ல. அறிவு எங்கே இருக்கிறது என்று காட்டத்தான். அது முதல் மெஷினில் இல்லை. மூன்றாவது மெஷினில் இருக்கிறது. முதலாவதை வைத்து இரண்டாவதின் பாகங்களை வெட்டினோம், இரண்டாவதை வைத்து மூன்றாவதின் பாகங்களை. உலகத்தில் எல்லா இயந்திரங்களும் இப்படித்தான் வந்தன. லண்டனில் ஹென்றி மாட்ஸ்லே 1800 வாக்கில் திருகு வெட்டும் லேத்தைச் சீர்செய்தபோது, ஒரு நல்ல திருகிலிருந்து அதைவிட நல்ல திருகை வெட்டினார். அவரிடம் வேலை பார்த்த ஜோசஃப் விட்வொர்த் மூன்று இரும்புத் தட்டுகளை ஜோடி ஜோடியாக மாற்றி ஒப்பிட்டு, மேடான இடத்தைச் சுரண்டிச் சுரண்டித் தட்டையாக்கும் முறையைப் பரப்பினார். இரண்டு தட்டு போதாது. ஒன்று குழிந்தும் ஒன்று புடைத்தும் கச்சிதமாகப் பொருந்திவிடும், இரண்டுமே தப்பு. மூன்றாவது வந்தால்தான் பொய் வெளிப்படும். இதில் எங்கேயாவது ‘திடீரென்று தோன்றிய ஐடியா’ இருக்கிறதா?

நம் ஊரில் இதைக் கதையாக்குகிற விதத்தைப் பாருங்கள். கோயம்புத்தூர் அருணாசலம் முருகானந்தம். 2016-இல் பத்மஸ்ரீ, 2018-இல் இந்தியில் சினிமா. அவர் பையில் ஆட்டு ரத்தம் கட்டிக்கொண்டு திரிந்தது எல்லாருக்கும் தெரியும். பஞ்சு ஏன் உதவவில்லை, மரக்கூழின் இழை ஏன் உதவியது, கெட்டியான மரக்கூழ் அட்டையைப் பஞ்சுபோல உடைப்பதற்கு, கோடிகளில் விலை சொன்ன ஆலை இயந்திரத்தின் வேலையை எப்படிச் சின்ன மெஷினுக்குள் இறக்கினார்? இதை எத்தனை பேர் சொல்வீர்கள்? அவருடைய சாதனை அங்கேதான் இருக்கிறது. ஆனால் நமக்கு ரத்தப் பை போதும். ஜி.டி.நாயுடுவை எடுங்கள். ‘இந்தியாவின் எடிசன்’. கோயம்புத்தூர்க்காரருக்குப் பெருமை சேர்க்க நியூ ஜெர்சியில் பட்டறை வைத்திருந்தவரின் பெயர் வேண்டியிருக்கிறது. அவரைப் பற்றி நூறு துணுக்குகள் வாட்ஸ்ஆப்பில் சுற்றுகின்றன. அவர் சவரக்கத்தியின் மோட்டார் எப்படி வேலை செய்தது என்று ஒரு பத்தி தமிழில் வாசித்திருக்கிறீர்களா?

‘கரிசல்காட்டில் இப்படி ஒரு அதிசயமா’ என்கிறார்கள். ஏன் அதிசயம்? சிவகாசியில் அச்சு இயந்திரம் ஓடுகிறது, ராஜபாளையத்தில் நூற்பாலை ஓடுகிறது, அருப்புக்கோட்டைத் தெருக்களில் விசைத்தறிச் சத்தம் கேட்கிறது. இத்தனை இயந்திரங்களைப் பழுது பார்க்கிற கைகள் வானத்திலிருந்தா வந்தன? பிரான்ஸில் ஜக்கார்டு 1804-இல் ஓட்டை போட்ட அட்டைகளால் தறியை ஓட்டினார். ஓட்டை இருந்தால் இழை தூக்கும், இல்லாவிட்டால் தூக்காது. 1952-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் முதல் எண்கட்டுப்பாட்டு இயந்திரத்தைக் காட்டியபோது அதற்கும் கட்டளை ஓட்டை போட்ட நாடாவில்தான் போனது. தமிழ்நாட்டில் ஜக்கார்டு பெட்டி தலைக்குமேல் கட்டித் தறி நெய்கிறவர், கம்ப்யூட்டர் என்ற சொல் ஊருக்குள் வருவதற்கு முன்பே புரோகிராமைக் கையால் தொட்டவர். அவருக்குச் சி.என்.சி. அந்நியம் கிடையாது. உங்களுக்குத்தான் அந்நியம்.

இப்போது இலக்கிய வாசகர்களான உங்களிடம் வருகிறேன். நிருபரைத் திட்டுவது சுலபம். நீங்கள் என்ன செய்கிறீர்கள்? உங்கள் கதைகளில் ஆசாரி வருவார். வயதானவராக இருப்பார். இருமுவார். உளியைத் தடவிப் பார்ப்பார். மகன் சென்னைக்குப் போயிருப்பான். மெஷின் வந்துவிட்டது என்று பெருமூச்சு விடுவார். அவர் உளியின் சாணை எத்தனை டிகிரி, வேம்பில் ஏன் இழைப்பு எதிர்க்கிறது, வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டையை எத்தனை நூல் சின்னதாக அடித்து நெருப்பில் காயவைத்து மாட்டினார் என்று ஒரு வரி இருக்காது. அந்தப் பட்டை காயும்போது நீள்வதும் தண்ணீர் ஊற்றினதும் இறுகிச் சக்கரத்தைப் பிடிப்பதும் என் தகரக் கொட்டகையின் 0.18 மி.மீ.யும் ஒரே பாடம். அதை அவர் கணக்காக வைத்திருந்தார். நீங்கள் அவருக்குக் கண்ணீர் மட்டும் கொடுத்தீர்கள்.

நூல் என்றேன். தச்சர்கள் ஒரு இஞ்சை எட்டாகப் பிரித்து ஒரு பங்கை ஒரு நூல் என்பார்கள். 3.175 மி.மீ. வேடிக்கை என்னவென்றால், எங்கள் சின்ன பிட்களின் தண்டு, சீனாவிலிருந்து வந்தாலும், சரியாக அந்த 3.175 தான். நெசவாளருக்கு நூல் என்றால் இழை. உங்களுக்கு நூல் என்றால் புத்தகம். மூன்றும் தற்செயல் அல்ல. நன்னூலில் பவணந்தி முனிவர், தச்சன் நூல் பிடித்து மரத்தின் கோணலைத் தீர்ப்பதுபோல மனத்தின் கோணலைத் தீர்ப்பது நூல் என்று விளக்கம் வைத்திருக்கிறார். புத்தகத்துக்குப் பெயர் கொடுத்த தச்சுப்பட்டறைக்குள் புத்தகம் எழுதுகிறவர்கள் எட்டிப் பார்ப்பதில்லை. கி.ராஜநாராயணன் கரிசல் பேச்சை அகராதியாகவே தொகுத்தார். இன்றைக்குப் பட்டறையில் புழங்குகிற ஆட்டம், மரை, பிசிர், முறுக்கு, கடைசல் ஆகியவற்றை யார் தொகுக்கப்போகிறீர்கள்?

எதிர்வாதம் இரண்டு உண்டு. முதலாவது: சீனாவில் செய்த மெஷின் தயாராகக் கிடைக்கும்போது ஏன் இந்தப் பாடு? கதவு மட்டும் வேண்டுமென்றால் வாங்குவதே சரி. நாங்களே நிறையப் பேருக்கு அப்படித்தான் சொல்கிறோம். ஆனால் வாங்கின மெஷினில் ஒரு போர்டு போனால் ஆள் வெளியூரிலிருந்து வரவேண்டும், அதுவரை கடன் தவணை மட்டும் நிற்காமல் ஓடும். செய்தவனுக்குத் தன் மெஷின் எங்கே பொய் சொல்லும் என்று தெரியும். அந்த அறிவுக்குத்தான் இந்தப் பாடு.

இரண்டாவது கேள்வி கனமானது. இந்த மெஷின் சிற்ப வேலை செய்கிறவரின் கூலியைத் தின்கிறதே? ஆமாம், தின்கிறது. ஒரு வாரம் செதுக்குகிற தாமரையை மூன்று மணி நேரத்தில் வெட்டுகிற எதுவும் தின்னத்தான் செய்யும். இதை மறைத்துப் பேசுகிறவனை நம்பாதீர்கள். ஆனால் எங்கள் பக்கத்துத் தெருவில் மரச்சிற்ப வேலை செய்கிற பெரியவர் ஒருவர் கொட்டகைக்கு வந்தார். மெஷின் வெட்டின பலகையை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். “இந்தப் பக்கம் எத்தன நூல் பிசகுது தம்பி?” என்றார். நூலில் கால்வாசிக்கும் கீழே என்றேன். “உள் மூலையெல்லாம் மொழுக்குன்னு இருக்கே” என்றார். சுற்றுகிற பிட்டால் உள் மூலையைக் கூர்மையாக வெட்ட முடியாது, பிட்டின் ஆரம் அங்கே தங்கிவிடும். மெஷினின் உண்மையான எல்லையை ஒரே பார்வையில் சொன்னவர் அவர்தான். இப்போது பெரிய வேலைகளில் மூலைகளையும் முகங்களையும் அவர் உளியால் முடிக்கிறார். அதற்குத் தனிக் கூலி, அவர் சொல்கிற கூலி. இது எல்லாச் சிற்பிகளுக்கும் தீர்வு இல்லை. ஒருவருக்கு ஒரு பட்டறையில் நடந்தது, அவ்வளவுதான். ஆனால் அவருக்கு அனுதாபம் வேண்டியிருக்கவில்லை, அவருடைய கண்ணுக்கு மதிப்பு வேண்டியிருந்தது.

விஞ்ஞானி என்று கூப்பிடுவதால் யாருக்கு நஷ்டம் என்று கேட்டால், திருச்சுழி, நரிக்குடி, காரியாபட்டிப் பக்கத்துப் பையன்களுக்கு. பக்கத்து வீட்டு அண்ணன் ஒரு மெஷின் செய்தான் என்றால், நானும் செய்யலாம் என்று தோன்றும். விஞ்ஞானி செய்தான் என்றால் கைதட்டிவிட்டுத் திருப்பூருக்கோ சென்னைக்கோ பஸ் ஏறத் தோன்றும். அதிசயத்தை யாரும் கற்றுக்கொள்ள முடியாது. 914-ஐயும் 320-ஐயும் கற்றுக்கொள்ளலாம். பொன்னாடை வாங்கின மெஷின்கள் எத்தனையோ பின்கட்டில் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கின்றன. அவற்றைச் செய்தவர்கள் சோம்பேறிகள் இல்லை. அவர்களுடைய முதல் மெஷினைக் கடைசி மெஷினாக நினைக்கவைத்தது நம் கைதட்டல்.

அடுத்த தடவை இப்படி ஒரு கொட்டகைக்குப் போனால் குடும்பக் கஷ்டத்தைக் கடைசியில் கேளுங்கள். முதலில் ஒரு வட்டம் வெட்டச் சொல்லுங்கள். வெர்னியரை வாங்கி நீங்களே நான்கு திசையிலும் அளந்து பாருங்கள். நான்கு எண்களையும் எழுதிக்கொள்ளுங்கள். செய்தவனிடம் ‘இது ஏன் இப்படி வருது?’ என்று கேளுங்கள். அவன் அரை நாள் பேசுவான். அதை அப்படியே எழுதுங்கள், எண்களோடு.